ஊற்றுவாயில் கார்பன்: ஆழ்கடல் பாக்டீரியாக்கள் உடலைக் கட்டும் வழிகள்

ஆழ்கடல் வெந்நீர் ஊற்றுகளைப் பற்றிப் பேச்சு வந்தால், பெரும்பாலும் ஒரே கேள்விதான் எழும். சூரிய ஒளி எட்டாத அந்த ஆழத்தில் உயிர்களுக்கு ஆற்றல் எங்கிருந்து கிடைக்கிறது? விடை பள்ளிப் பாடநூல்கள்வரை வந்துவிட்டது. பூமிக்குள்ளிருந்து வரும் ஹைட்ரஜன் சல்பைடையும் ஹைட்ரஜனையும் பாக்டீரியாக்கள் ஆக்சிஜனேற்றம் செய்து ஆற்றல் பெறுகின்றன. இதோடு கதை முடிந்துவிட்டதாக எண்ணிவிடுகிறோம். ஆனால் ஆற்றல் மட்டும் இருந்தால் உடல் உருவாகிவிடாது. புரதமானாலும் கொழுப்பானாலும் மரபணுவானாலும் அதன் எலும்புச்சட்டம் கார்பன். ஊற்றுவாயில் வாழும் நுண்ணுயிருக்கு அந்தக் கார்பனை யாரும் சமைத்துத் தருவதில்லை. கடல்நீரில் கரைந்திருக்கும் கனிமக் கார்பனை அதுவே பிடித்து, உள்ளே இழுத்து, கரிமச் சேர்மமாக மாற்றிக்கொள்ள வேண்டும். ஆற்றல் கேள்வியைவிட இந்தக் கார்பன் கேள்விதான் கடினமானது என்பது என் கருத்து. கடந்த நாற்பது ஆண்டுகளில் இதற்குக் கிடைத்திருக்கும் விடைகள் ஒன்றல்ல, பல. ஏன் பல என்பதைப் புரிந்துகொண்டால் அந்த உலகமே வேறு விதமாகத் தெரியும்.

1977-இல் கலாபகஸ் தீவுகளுக்கு அருகே, ஏறத்தாழ 2,500 மீட்டர் ஆழத்தில், ஆல்வின் என்ற நீர்மூழ்கி முதன்முதலாக இந்த ஊற்றுகளையும் அவற்றைச் சூழ்ந்த உயிர்க்கூட்டத்தையும் கண்டது. அந்தப் பயணத்தில் இருந்தவர்கள் நிலவியலாளர்களும் வேதியியலாளர்களும். உயிரியலாளர் ஒருவர்கூட இல்லை. பிடித்த உயிர்களைப் பதப்படுத்தப் போதிய பார்மலின் இல்லாததால், பனாமாவில் வாங்கிய வோட்காவில் சிலவற்றை ஊறவைத்தார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து, கிழக்குப் பசிபிக் மேட்டில், 350 டிகிரி செல்சியஸுக்கும் மேலான நீரைக் கரும்புகைபோல் கக்கும் கூம்புகளும் கண்டுபிடிக்கப்பட்டன.

கண்டவற்றிலெல்லாம் பெரிய புதிர் ரிஃப்டியா என்ற குழாய்ப்புழு. ஆள் உயரத்துக்கும் மேல் வளரும் விலங்கு அது. வாயும் இல்லை, குடலும் இல்லை. ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் மெரிடித் ஜோன்ஸ், புழுவின் உடலுக்குள் கந்தகப் படிகங்கள் இருப்பதாக 1980-இல் ஹார்வர்டில் நடந்த ஒரு வகுப்பில் சொன்னார். அப்போது முதுநிலை மாணவியாக இருந்த கொலீன் கவனா, அப்படியானால் புழுவுக்குள் கந்தகத்தை ஆக்சிஜனேற்றம் செய்யும் பாக்டீரியாக்கள் இருந்தாக வேண்டும் என்று அங்கேயே எழுந்து சொன்னார். அடுத்த ஆண்டு அது ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்தது. அதே 1981-இல் ஹோர்ஸ்ட் ஃபெல்பெக், புழுவின் உட்திசுவில் ருபிஸ்கோ என்ற நொதி வேலை செய்வதைக் காட்டினார். பச்சை இலைகளில் கரியமில வாயுவைப் பிடிக்கும் அதே நொதி, ஒளியே இல்லாத இடத்தில் ஒரு புழுவின் உடலுக்குள் இருந்தது. கார்பன் கேள்விக்கான ஆய்வு அங்கேதான் தொடங்குகிறது.

கேள்வியின் கனம் புரிய, கொஞ்சம் நீர்வேதியியல் வேண்டும். கடல்நீரில் கரைந்துள்ள கனிமக் கார்பன் லிட்டருக்கு ஏறத்தாழ 2 மில்லிமோல். அது குறைவில்லை. ஆனால் கடலின் இயல்பான காரத்தன்மையில், அதாவது pH 8 அளவில், அதில் பெரும்பகுதி பைகார்பனேட் அயனியாக இருக்கிறது. கரியமில வாயுவாக இருப்பது ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு மட்டுமே. ஊற்றிலிருந்து எழும் நீரோ அமிலத்தன்மை கொண்டது. அதில் pH 4-க்கும் கீழே போகலாம். கார்பன் மிகுதி, அத்தனையும் வாயு வடிவில். இந்த இரண்டு நீரும் கலக்கும் இடத்தில்தான் பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. அந்தக் கலப்பு ஒரே சீராக நடப்பதில்லை. சுழித்துக்கொண்டு எழும் நீரில், ஒரே புள்ளியில், சில நொடிகளுக்குள் வெப்பம், pH, சல்பைடு, ஆக்சிஜன், கார்பன் எல்லாமே மாறிவிடும். இப்போது மில்லிமோல் கணக்கில் கிடைத்த கரியமில வாயு அடுத்த நொடியில் 20 மைக்ரோமோலுக்கு இறங்கிவிடலாம்.

வாயுவுக்கும் அயனிக்கும் உள்ள வேறுபாடு ஒரு செல்லுக்கு உயிர்ப் பிரச்சினை. கரியமில வாயு மின்னூட்டமற்றது. செல்சவ்வைத் தடையின்றிக் கடந்து உள்ளே வரும், அதே எளிமையோடு வெளியேயும் போய்விடும். பைகார்பனேட் மின்னூட்டம் கொண்டது. சவ்வைத் தானாகக் கடக்காது. உள்ளே கொண்டுவர ஆற்றல் செலவழித்து இயக்கும் கடத்திப் புரதம் வேண்டும், கொண்டுவந்துவிட்டால் வெளியேறாது. ருபிஸ்கோவுக்குத் தேவைப்படுவதோ வாயு வடிவம்தான். பிடித்துவைக்க ஏற்றது ஒரு வடிவம், பயன்படுத்த ஏற்றது இன்னொரு வடிவம். இந்த முரணைத் தீர்க்கும் ஏற்பாடுகளே இந்தத் துறையின் பெரும்பகுதி.

ருபிஸ்கோவும் சுறுசுறுப்பான நொதி அல்ல. நொடிக்குச் சில மூலக்கூறுகளைத்தான் அது கையாளும். மற்ற பல நொதிகள் நொடிக்கு ஆயிரக்கணக்கில் செய்து முடிக்கும். ஆக்சிஜன் பக்கத்தில் இருந்தால் கரியமில வாயுவுக்குப் பதில் அதைப் பிடித்துக்கொண்டு, செய்த வேலையை வீணாக்கும். சல்பைடை ஆக்சிஜனேற்றம் செய்யும் பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் இல்லாமல் முடியாது. ஆகவே ஆற்றலுக்கு வேண்டியதே கார்பன் பிடிப்புக்குத் தடையாக நிற்கிறது.

இந்தச் சிக்கலை ஒரு செல் எப்படி எதிர்கொள்கிறது என்று கூர்ந்து பார்க்க நமக்குக் கிடைத்த நல்ல உதாரணம், தியோமைக்ரோஸ்பைரா குருனோஜெனா. ஹோல்கர் யன்னாஷும் அவருடைய குழுவினரும் கிழக்குப் பசிபிக் ஊற்றொன்றிலிருந்து பிரித்தெடுத்து 1985-இல் விவரித்த பாக்டீரியா இது. இப்போது அதை ஹைட்ரஜனோவிப்ரியோ என்ற பேரினத்தில் சேர்த்திருக்கிறார்கள். ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் இரட்டித்துவிடும். கனிமப் பொருள்களை மட்டுமே உண்டு வாழும் உயிர்களில் இவ்வளவு வேகம் அபூர்வம். அந்த வேகத்துக்கு ஏற்ற அளவு கார்பன் இடைவிடாமல் உள்ளே வந்துகொண்டிருக்க வேண்டும் அல்லவா?

தெற்கு ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தில் கேத்லீன் ஸ்காட்டின் குழு இதைத்தான் சோதித்தது. பாக்டீரியாவைக் கார்பன் பற்றாக்குறையில் வளர்த்து, கதிரியக்கக் கார்பன் கலந்த கரைசலைக் கொடுத்து, சிறிது நேரத்தில் சிலிக்கோன் எண்ணெயின் ஊடாக மையவிலக்கியில் சுழற்றினார்கள். செல்கள் எண்ணெயைக் கடந்து அடியில் போய்ச் சேரும்; கரைசல் மேலேயே நின்றுவிடும். இப்படிப் பிரித்து அளந்தபோது, செல்லுக்குள் இருந்த கனிமக் கார்பனின் செறிவு வெளியே இருந்ததைப்போல் நூறு மடங்குவரை உயர்ந்திருந்தது. கரியமில வாயு, பைகார்பனேட் இரண்டையும் அதனால் எடுத்துக்கொள்ள முடிந்தது. 2005-இல் வெளியான இந்த முடிவு முக்கியமானது. கார்பனைச் செறிவூட்டிக்கொள்ளும் இப்படியொரு பொறிமுறை நீலப்பச்சைப் பாசிகளுக்கு உண்டு என்பது அதற்கு வெகு முன்பே தெரியும். ஒளியோடு தொடர்பே இல்லாத ஓர் ஊற்று பாக்டீரியாவிலும் அது உண்டு என்றால், தேவை ஒளிச்சேர்க்கையால் வந்ததல்ல. ருபிஸ்கோவின் குறையால் வந்தது.

உள்ளே குவிந்த பைகார்பனேட்டை அந்த செல் என்ன செய்கிறது? அதன் உட்பகுதியில், ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுள்ள, இருபது முகங்கள் கொண்ட சிறு பெட்டிகள் இருக்கின்றன. அவற்றின் பெயர் கார்பாக்சிசோம். சுவர் முழுக்கப் புரதம். கொழுப்புச் சவ்வு எதுவும் இல்லை. ஜெசப் ஷைவ்லி 1973-இல் கந்தக பாக்டீரியா ஒன்றிலிருந்து இவற்றைப் பிரித்தெடுத்து, உள்ளே ருபிஸ்கோ நிரம்பியிருப்பதைக் காட்டினார். பைகார்பனேட் சுவரின் நுண்துளைகள் வழியே உள்ளே போகிறது. அங்கே கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்ற நொதி அதைக் கரியமில வாயுவாக மாற்றுகிறது. வாயு தப்பி வெளியேறும் முன் சுற்றிலும் நெருங்கி நிற்கும் ருபிஸ்கோ அதைப் பிடித்துக்கொள்கிறது. உள்ளே நுழைந்த மீன் வெளியே வர வழி தெரியாமல் அலையும் மீன்கூடு போன்ற ஏற்பாடு.

இந்த ஏற்பாட்டில் இடம் மிக முக்கியம். கார்பானிக் அன்ஹைட்ரேஸ் பெட்டிக்குள் மட்டும் இருக்க வேண்டும். வெளியே, செல்லின் பொதுவெளியில், இருக்கக் கூடாது. ஆஸ்திரேலியாவில் டீன் பிரைசும் மரே பேட்ஜரும் 1989-இல் நீலப்பச்சைப் பாசிச் செல்லின் பொதுவெளியில் மனிதக் கார்பானிக் அன்ஹைட்ரேஸை உருவாக்கிப் பார்த்தார்கள். பாசி சிரமப்பட்டுச் சேர்த்த பைகார்பனேட் வாயுவாக மாறிக் கசிந்து போனது. சாதாரணக் காற்றில் அந்தச் செல்லால் சரியாக வளர முடியவில்லை. சேர்த்துவைக்க முடியும் என்பதோடு, சரியான இடத்தில் திறந்துவிடவும் முடிய வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சோதனை எனக்குத் தெரிந்து இல்லை.

கடத்திகள் யார் என்ற கேள்விக்கு விடை வரக் காலம் பிடித்தது. குருனோஜெனாவின் மரபணுத் தொகுதி 2006-இல் வெளியானபோது ஆய்வாளர்கள் ஒரு விசித்திரத்தைக் கண்டார்கள். நீலப்பச்சைப் பாசிகளில் அறியப்பட்டிருந்த கார்பன் கடத்திகள் இதில் இல்லை. அதாவது ஒரே வேலையை இது வேறு கருவிகளால் செய்தது. 2017-இல் ஸ்காட்டின் குழு, அடுத்தடுத்து அமைந்த இரண்டு மரபணுக்களைச் சிதைத்தால் கார்பன் குறைந்த நீரில் இந்த பாக்டீரியா தடுமாறுவதைக் காட்டியது. 2019-இல் பெர்க்லியில் ஜான் டெஸ்மராயிஸும் டேவிட் சாவேஜும் இன்னொரு கந்தக பாக்டீரியாவில் இதே வகைப் புரத இணையை விரிவாக ஆராய்ந்து டாப் என்று பெயரிட்டார்கள். சவ்வில் பதிந்த ஒரு புரதம். அதோடு இணைந்து செல்லின் உட்புறத்தில் நிற்கும், கார்பானிக் அன்ஹைட்ரேஸை ஒத்த இன்னொரு புரதம். தானாகச் சவ்வைக் கடந்து உள்ளே வந்த கரியமில வாயுவை இந்த இணை ஒரே திசையில் பைகார்பனேட்டாக மாற்றி நிறுத்திவிடுகிறது என்பது அவர்கள் முன்வைத்த விளக்கம். அந்த மாற்றம் பின்திரும்பாமலிருக்கச் சவ்வுக்கு இருபுறமும் உள்ள அயனி வேறுபாடு உந்துவிசை தருகிறது. இதே குடும்பப் புரதங்கள் காலரா, ஆந்த்ராக்ஸ் கிருமிகளிலும் இருக்கின்றன. ஊற்றில் உடல் கட்டப் பயன்படும் கருவி நோய்க்கிருமியிலும் கிடைப்பது, கனிமக் கார்பன் எந்தச் செல்லுக்குமே தேவைப்படும் பொருள் என்பதை நினைவூட்டுகிறது.

குருனோஜெனாவின் மரபணுத் தொகுதியில் கவனிக்க வேண்டிய இன்னொன்று, ருபிஸ்கோவுக்கு மூன்று தனித்தனி மரபணுத் தொகுப்புகள் இருப்பது. ஒன்று கார்பாக்சிசோமுக்குள் நிற்பது. இன்னொன்று அதே வகையைச் சேர்ந்ததானாலும் தனித்து இயங்குவது. மூன்றாவது, இரண்டாம் வகை எனப்படும் வேறு வகை. கரியமில வாயு தாராளமாகக் கிடைக்கும்போது நன்றாக வேலை செய்யும், ஆக்சிஜன் மிகுந்தால் தடுமாறும். இதன் நெருங்கிய உறவான ஹைட்ரஜனோவிப்ரியோ மரைனஸில் கார்பன் அளவை மாற்றி வளர்த்துப் பார்த்தபோது, கார்பன் மிகுந்தால் இந்த இரண்டாம் வகையும் குறைந்தால் கார்பாக்சிசோம் வகையும் முன்னுக்கு வந்தன. நொடிக்கு நொடி மாறும் ஊற்றுவாய் நீரில், நல்ல காலத்துக்கும் பஞ்ச காலத்துக்கும் வேறுவேறு கருவிகளை வைத்திருக்கும் செல்தான் தாக்குப்பிடிக்கும்.

இதுவரை சொன்னதெல்லாம் ருபிஸ்கோ இயங்கும் கால்வின் சுழற்சியின் எல்லைக்குள். மெல்வின் கால்வினுக்கு 1961-இல் நோபெல் பரிசு பெற்றுத் தந்த அந்தச் சுழற்சி பச்சைத் தாவரங்களுக்கும் பொதுவானது. நீண்ட காலம் ஊற்று பாக்டீரியாக்களின் கார்பன் பிடிப்பு என்றால் இதுதான் என்று எல்லோரும் நம்பினார்கள். இந்த நம்பிக்கையை உடைத்தவை, இப்போது காம்பைலோபாக்டீரோட்டா என்று வகைப்படுத்தப்படும் பாக்டீரியாக்கள். ஊற்றுகளின் வெம்மையான, ஆக்சிஜன் குறைந்த மூலைகளில் மிகுதியாகக் காணப்படுவது இவைதான். பாம்பேய்ப் புழு என்று அழைக்கப்படும் அல்வினெல்லாவின் முதுகில் அடர்ந்து கிடப்பதும் இந்தக் கூட்டமே. 2004-க்கும் 2005-க்கும் இடையில் வெளியான ஆய்வுகள் இவற்றில் ருபிஸ்கோ வழியைக் காட்டவில்லை. தலைகீழ் சிட்ரிக் அமிலச் சுழற்சியைக் காட்டின.

நம் செல்கள் உணவை எரித்துக் கரியமில வாயுவை வெளிவிடப் பயன்படுத்தும் சுழற்சியே சிட்ரிக் அமிலச் சுழற்சி. அதைப் பின்னோக்கி ஓட்டினால் கரியமில வாயு உள்ளே போகும், கரிமச் சேர்மம் வெளியே வரும். இப்படி ஓட முடியும் என்று இவான்ஸ், புக்கானன், ஆர்னன் மூவரும் 1966-இல் பசுங்கந்தக பாக்டீரியாவை வைத்துச் சொன்னபோது பலர் ஏற்கவில்லை. ஐயம் தீர ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பிடித்தன. இதன் சிறப்பு சிக்கனம். ஒரு பைருவேட் மூலக்கூற்றை உருவாக்கக் கால்வின் சுழற்சிக்கு ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறு 7 செலவாகிறது என்றால் இதற்கு 2 போதும். ஆற்றல் குறைந்த மூலையில் வாழும் செல்லுக்கு இந்த வித்தியாசமே வாழ்வும் சாவும். ஆனால் இதன் சில நொதிகள் ஆக்சிஜனால் எளிதில் கெட்டுவிடும். ஆகவே ஆக்சிஜன் மிகுந்த குளிர்ந்த விளிம்பில் கால்வின் சுழற்சிக்காரர்களும், ஆக்சிஜன் குறைந்து வெம்மை கூடிய உள்வட்டத்தில் தலைகீழ் சுழற்சிக்காரர்களும் என ஊற்றைச் சுற்றி இடங்கள் பிரிந்திருக்கின்றன. இந்தக் கோடு முற்றிலும் நேரானதல்ல. மத்திய அட்லாண்டிக் ஊற்றுகளின் ரிமிகாரிஸ் இறால் தன் தலைக்கூட்டுக்குள் இரண்டு கூட்டத்தையும் ஒன்றாகவே வளர்க்கிறது.

தலைகீழ் சுழற்சியிலும் ஒரு திருப்பம் வந்தது. சிட்ரேட்டை உடைக்க இதற்கென்றே ஒரு சிறப்பு நொதி வேண்டும் என்றும், அதன் மரபணு இல்லாத உயிரில் இந்த வழி இருக்க முடியாது என்றும் எண்ணியிருந்தார்கள். 2018-இல் இரண்டு குழுக்கள், ஒன்று ஜப்பானில், ஒன்று ஜெர்மனியில், அந்த நொதியே இல்லாத வெப்ப விரும்பி பாக்டீரியாக்களில் சுழற்சி பின்னோக்கி ஓடுவதைக் காட்டின. ஜப்பானியக் குழு எடுத்துக்கொண்ட தெர்மோசல்ஃபிடிபாக்டர் ஒகினாவா அகழியின் ஊற்று ஒன்றிலிருந்து வந்தது. நம் செல்களிலும் உள்ள சாதாரண சிட்ரேட் சின்தேஸ் நொதியே அவற்றில் எதிர்த்திசையில் வேலை செய்கிறது. 2021-இல் வெளியான தொடர் ஆய்வு, கரியமில வாயுவின் செறிவு மிகுந்திருந்தால் அந்த அழுத்தமே சுழற்சியைப் பின்னோக்கித் தள்ளுகிறது என்று காட்டியது. இதன் விளைவு பெரியது: மரபணுத் தொகுதியைப் படித்து மட்டும் ஓர் உயிர் கார்பனைப் பிடிக்குமா, எரிக்குமா என்று சொல்ல முடியாது. எரிக்கும் சுழற்சிக்கான அதே மரபணுக்கள் பிடிக்கும் சுழற்சிக்கும் போதுமானவை. மரபணு வரிசைகளை வைத்து ஊற்றுச் சமூகங்களைக் கணக்கெடுக்கும் ஆய்வுகள் இதை இன்னும் முழுமையாக உள்வாங்கவில்லை என்றே நினைக்கிறேன்.

இன்னும் வெம்மையான, ஆக்சிஜன் அறவே இல்லாத இடத்தில் மூன்றாவது வழி. வுட்–யுங்டால் பாதை என்று அதற்குப் பெயர். சுழற்சி அல்ல, நேர்வழி. இரண்டு கரியமில வாயு மூலக்கூறுகளை ஹைட்ரஜனின் உதவியால் ஒடுக்கி, நேரடியாக அசிட்டைல் தொகுதியாக இணைத்துவிடும். பைருவேட் கணக்கில் ஏறத்தாழ 1 ஏடிபி போதும், எல்லாவற்றிலும் மலிவானது. இதைப் பயன்படுத்துவோர் பெரும்பாலும் பாக்டீரியா அல்ல, ஆர்க்கியா என்ற வேறு கிளையைச் சேர்ந்த மீத்தேன் ஆக்கிகள். கிழக்குப் பசிபிக் ஊற்றிலிருந்து கிடைத்து, யன்னாஷின் பெயர் சூட்டப்பட்ட மீத்தனோகால்டோகாக்கஸ் யன்னாஷியின் மரபணுத் தொகுதி 1996-இல் முழுமையாகப் படிக்கப்பட்டது. இந்தியப் பெருங்கடலின் கைரே ஊற்றுக் களத்திலிருந்து கென் தக்காயின் குழு வளர்த்த மீத்தனோபைரஸ், உயர் அழுத்தத்தில் 122 டிகிரியிலும் பெருகியது. உயிர் பெருகக்கூடிய வெப்பநிலைக்கு இன்றுவரை அதுவே மேல் எல்லை.

இத்தனை வழிகளில் ஓர் உயிர் எதைப் பின்பற்றுகிறது என்று, அதை வளர்க்காமலே ஊகிக்க உதவுவது கார்பன்-13. கார்பனின் கனமான ஐசோடோப்பு இது. ருபிஸ்கோ லேசான கார்பனை விரும்பிப் பிடிக்கும். தலைகீழ் சுழற்சி அவ்வளவாகப் பாகுபாடு காட்டாது. ஆகவே திசுவில் கார்பன்-13 எவ்வளவு குறைந்திருக்கிறது என்பது வழியைக் காட்டிக்கொடுக்க வேண்டும். கலாபகஸ் ஊற்றின் மட்டியை 1979-இல் அளந்தபோது நியம அளவைவிட ஆயிரத்துக்குச் சுமார் 33 பங்கு குறைவு. ருபிஸ்கோ வழிக்கு ஒத்துவந்தது. ஆனால் பக்கத்திலேயே வாழும் ரிஃப்டியாவில் 11 அளவுதான். ஒரே நீர், ஒரே சல்பைடு, இரண்டிலும் ருபிஸ்கோ. ஏன் இந்த வேறுபாடு?

இந்தக் கேள்விக்கு வந்த விடைகளின் வரிசையே ஒரு துறை வளர்ந்த வரலாறு. சோளம், கரும்பு போன்ற தாவரங்களைப்போல் புழு முதலில் வேறொரு நொதியால் கார்பனைப் பிடித்து நான்கு கார்பன் அமிலமாக்கி உள்ளே அனுப்புகிறதா என்று ஒரு கருத்து. புழுவுக்குள் வாழும் பாக்டீரியாவின் ருபிஸ்கோ பாகுபாடு குறைந்த இரண்டாம் வகை என்பது அடுத்த விளக்கம். 2003-இல் அந்த நொதியைத் தனியே அளந்தபோது பாகுபாடு உண்மையிலேயே குறைவாக இருந்தது, ஆனால் 11 அளவை விளக்கும் அளவுக்குக் குறையவில்லை. பாக்டீரியாவைச் சுற்றி கரியமில வாயு பற்றாக்குறையாக இருந்தால், வருவதையெல்லாம் பாகுபாடின்றிப் பிடிக்க வேண்டியிருக்கும் என்று ஸ்காட் கணித மாதிரி ஒன்றை வைத்தார். பிறகு 2007-இல் மார்கெர்ட்டும் உடனாய்வாளர்களும் அந்தப் பாக்டீரியாவின் புரதங்களை நேரடியாக அலசியபோது, கால்வின் சுழற்சியின் நொதிகளோடு தலைகீழ் சுழற்சியின் நொதிகளும் இருந்தன. ஒரே பாக்டீரியா இரண்டு வழிகளையும் கையாள்கிறது. இந்த விடைகளில் ஒன்று மற்றொன்றைத் தள்ளிவிடுகிறது என்று நான் எண்ணவில்லை. பாகுபாடு குறைந்த நொதி, உள்ளிடத்துப் பற்றாக்குறை, இரண்டாவது வழி மூன்றும் சேர்ந்தே அந்த எண்ணை உருவாக்குகின்றன என்பதே இன்றைய சான்றுகளுக்குப் பொருந்துகிறது.

ரிஃப்டியா தன் பாக்டீரியாவுக்குக் கார்பன் கொண்டுபோய்ச் சேர்க்கும் விதம் தனியே பார்க்கத் தக்கது. புழுவின் செந்நிற இறகுக்கற்றை அமிலம் கலந்த நீரில் நீட்டிக்கொண்டிருக்கும். அங்கே pH ஏறத்தாழ 6. கனிமக் கார்பனில் பாதிக்கும் மேல் வாயு வடிவில். அது இறகின் மெல்லிய தோலைத் தானாகக் கடந்து குருதிக்குள் வருகிறது. குருதியில் pH 7-க்கு மேல். உள்ளே வந்ததும் கார்பானிக் அன்ஹைட்ரேஸின் வேகத்தில் அது பைகார்பனேட்டாகி நின்றுவிடுகிறது. இந்த வினையில் வெளிப்படும் புரோட்டான்களை வெளியே இறைக்கும் பம்புகள் இறகில் நிறைய. இல்லாவிட்டால் குருதி அமிலமாகிவிடும். இப்படிக் குருதியில் சேரும் கனிமக் கார்பன் லிட்டருக்கு 30 மில்லிமோலையும் தாண்டும். சூழ்ந்திருக்கும் நீரைவிடப் பல மடங்கு. அதே குருதியின் ஹீமோகுளோபின் ஆக்சிஜனையும் சல்பைடையும் தனித்தனி இடங்களில் கட்டிச் சுமந்து செல்கிறது. குருனோஜெனா தன் ஒற்றைச் செல்லுக்குள் கடத்தியும் பெட்டியும் கொண்டு செய்த வேலையை இங்கே ஒரு விலங்கின் உடல் முழுவதும் சேர்ந்து செய்கிறது. அதனால் உள்ளே வாழும் பாக்டீரியாவுக்குக் கார்பாக்சிசோம் தேவைப்படவில்லை. பலன் கண்கூடு: ஆண்டுக்கு 85 சென்டிமீட்டருக்கும் மேல் குழாய் நீண்டதை 1994-இல் பதிவு செய்தார்கள்.

எல்லா ஊற்றிலும் கார்பன் வந்து கொட்டுவதில்லை. 2000-ஆம் ஆண்டு டிசம்பரில் மத்திய அட்லாண்டிக்கில் கண்டுபிடிக்கப்பட்ட லாஸ்ட் சிட்டி களம் நேர் எதிரானது. எரிமலைக் குழம்பின் வெப்பம் அங்கே முதன்மை அல்ல. மேண்டில் பாறையும் கடல்நீரும் வினைபுரிவதால் எழும் நீர். வெப்பம் 90 டிகிரிக்கு அருகே, pH 9 முதல் 11 வரை, ஹைட்ரஜன் ஏராளம். ஆனால் அந்தக் காரத்தன்மையில் கனிமக் கார்பன் கால்சியத்தோடு சேர்ந்து கல்லாகிவிடுகிறது. 60 மீட்டர் உயர்ந்து நிற்கும் அதன் வெண்கோபுரங்கள் அப்படிக் கல்லான கார்பன்தான். ஆற்றல் கொட்டிக்கிடக்க, உண்ணும் கார்பன் இல்லாத இடம். பாறைக்குள் உயிரின் துணையின்றி உருவாகும் ஃபார்மேட்டை அங்குள்ள நுண்ணுயிர்கள் கார்பனுக்காகப் பயன்படுத்துகின்றன என்று சூசன் லாங்கின் குழு 2018-இல் காட்டியது. ஆற்றல் கேள்வியும் கார்பன் கேள்வியும் இரண்டு தனிக் கேள்விகள் என்பதற்கு லாஸ்ட் சிட்டியைவிடத் தெளிவான சாட்சி கிடையாது.

இந்த ஊற்றுகள் சூரியனிடமிருந்து முற்றிலும் விடுபட்டவை என்று எழுதுவதையும் திருத்திக்கொள்ள வேண்டும். ரிஃப்டியாவின் பாக்டீரியாவும் குருனோஜெனாவும் சல்பைடை எரிக்கும் ஆக்சிஜன் மேற்கடலின் ஒளிச்சேர்க்கையில் பிறந்தது. ஹைட்ரஜனும் கரியமில வாயுவும் மட்டும் கொண்டு வாழும் மீத்தேன் ஆக்கிகளுக்கே அந்த விடுதலை பொருந்தும். உயிரின் தொடக்கத்தைத் தேடுவோர் வுட்–யுங்டால் பாதையை நாடுவதும் இதனால்தான். வில்லியம் மார்ட்டின் போன்றோர் அதையே மிகப் பழைய வழி என்று கருதுகிறார்கள். இரும்பு, நிக்கல் கனிமங்களின் மேல் ஹைட்ரஜனையும் கரியமில வாயுவையும் 100 டிகிரி நீரில் வைத்தபோது, நொதி எதுவும் இல்லாமலே ஃபார்மேட், அசிட்டேட், பைருவேட் உருவானதை 2020-இல் அவர் குழு காட்டியது. அங்கேதான் உயிர் பிறந்தது என்று இது நிறுவவில்லை. அந்தப் பாதையின் வேதியியல் உயிருக்கு முன்பே நடந்திருக்கக்கூடியது என்ற அளவில் அதன் பலம்.

நிலத்துக்கு இதிலிருந்து என்ன வரும் என்று கேட்பவர்கள் உண்டு. குருனோஜெனாவின் கார்பானிக் அன்ஹைட்ரேஸ் வெப்பம் தாங்கும். ஆலைப்புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிரிக்கப் பயன்படுமா என்று ஆராய்கிறார்கள். கார்பாக்சிசோமையும் டாப் கடத்தியையும் பயிர்களுக்குள் அமைத்து விளைச்சலைக் கூட்டும் முயற்சிகளும் நடக்கின்றன.

அதைவிட அவசரமான விஷயம் இந்தியப் பெருங்கடலில் இருக்கிறது. சர்வதேசக் கடற்படுகை ஆணையத்தோடு 2016-இல் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, மத்திய, தென்மேற்கு இந்தியப் பெருங்கடல் மேடுகளில் 10,000 சதுர கிலோமீட்டரில் சல்பைடு கனிமங்களைத் தேட இந்தியா உரிமை பெற்றிருக்கிறது. அந்தத் தேடலில் பங்குகொள்ளும் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் சென்னைப் பள்ளிக்கரணையில்தான் இருக்கிறது. மூவரை 6,000 மீட்டர் ஆழத்துக்கு இறக்கும் மத்ஸ்யா-6000 நீர்மூழ்கியை உருவாக்குவதும் அதுவே. 2024 டிசம்பரில் அதன் ஆளில்லா ஆய்வுக்கலம் 4,500 மீட்டர் ஆழத்தில் இயங்கும் ஊற்று ஒன்றைப் படம்பிடித்தது. செம்பும் துத்தநாகமும் தேடி இறங்குகிறவர்கள் சேரும் இடமும், பாக்டீரியாக்கள் கார்பனைப் பிடிக்கும் இடமும் ஒன்றே. கூம்பைக் கட்டும் சல்பைடுதான் கனிமமும்.

இந்தியப் பெருங்கடல் ஊற்றுகளில் மட்டுமே வாழும் செதில்கால் நத்தை, உணவுக்குழல் சுரப்பிக்குள் கந்தக பாக்டீரியாவை வைத்து வளர்க்கிறது. அதன் உணவு அந்த பாக்டீரியா பிடித்துத் தரும் கார்பன். ஆழ்கடல் சுரங்கத்தின் அச்சுறுத்தலுக்காக ஐயூசிஎன் செம்பட்டியலில் அழியும் நிலையில் உள்ளதாகச் சேர்க்கப்பட்ட முதல் உயிர் அதுதான். 2019-இல் அந்த முடிவு எடுக்கப்பட்டபோது அது மூன்றே களங்களில் அறியப்பட்டிருந்தது. அவற்றில் இரண்டு, கனிமத் தேடலுக்கு உரிமம் வழங்கப்பட்ட பகுதிகளுக்குள் இருந்தன.